பூல் அளவு என்னும் எண்: ஜாவா அப்ளிகேஷன் சேர்வர் பற்றிய ஓர் எளிய விளக்கம்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் செல்லும் இரவு பஸ்களில் ஆசனம் முற்பதிவு செய்யும் ஓர் இணையச் சேவையை எடுத்துக்கொள்வோம். சேவை கற்பனையானதுதான், ஆனால் அதற்கு வரக்கூடிய நெருக்கடி எங்களூரில் எவருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதன்று. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் முடிகின்ற வாரத்தில், ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் திரும்பிப் போக முற்படுவார்கள். வழமையான நாட்களில் நிமிடத்துக்குச் சில கோரிக்கைகளை மட்டும் பெறுகின்ற சேர்வர், அன்று செக்கனுக்குப் பத்துக்கணக்கில் பெற வேண்டியிருக்கும்.

அந்தச் சேவை ஜாவாவில் எழுதப்பட்டு அத்தகைய சேவைகளை ஓட வைக்கும் மென்பொருளான அப்ளிகேஷன் சேர்வர் ஒன்றில் ஓடுகிறதென்றால், அதன் அமைப்புக் கோப்புகளில் எங்கோ ஓரிடத்தில் "மாக்ஸ் பூல் சைஸ்" (பூலின் அதிகபட்ச அளவு) என்ற பெயருடன் ஓர் எண் இருக்கும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலோ கிளிநொச்சியிலோ படித்து முடித்து முதல் வேலைக்கு வருபவர்களில் அநேகர், அந்த எண்ணைக் கூட்டினால் சேவையின் வேகமும் கூடும் என்றே எண்ணுகிறார்கள். என் கணிப்பில் அந்த எண்ணுக்கும் வேகத்துக்கும் நேரடித் தொடர்பு மிகக் குறைவு. நெரிசல் ஏற்படும்போது கோரிக்கைகள் எந்த இடத்தில், எவ்வளவு நேரம், எத்தனை பேராக நின்று காத்திருக்கும் என்பதையே அது தீர்மானிக்கிறது. இக்கட்டுரை முழுவதும் அந்த ஒன்றைத்தான் விளக்க முயல்கிறது.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். "என்டர்பிரைஸ் ஜாவா பீன்ஸ்" என்ற நியமம் 1998ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆசனம் காலியாக உள்ளதா எனப் பார்ப்பது, கட்டணத்தைக் கணக்கிடுவது, பதிவை உறுதிசெய்வது போன்ற வேலைகளைச் செய்யும் ஜாவா வகுப்புகளை அந்த நியமம் பீன்கள் என்கிறது. பீனை எழுதுபவர் அதன் ஒப்ஜெக்டை, அதாவது அந்த வகுப்பைக் கொண்டு நினைவகத்தில் உருவாகும் பிரதியை, தாமே உருவாக்குவதில்லை. சேர்வருக்குள் இருக்கும் கொன்டெய்னர் என்ற பகுதியே அவற்றை உருவாக்கி, பேணி, தேவை முடிந்தபின் அழிக்கிறது. நிலை எதையும் நினைவில் வைத்திராத, அதாவது "ஸ்டேட்லெஸ்" வகைப் பீனைப் பொறுத்தவரை ஒரு முக்கியமான உறுதிமொழி உண்டு: ஒரே ஒப்ஜெக்டுக்குள் ஒரே நேரத்தில் ஒரு திரெட் (சேர்வருக்குள் கோரிக்கையின் வேலையைச் செய்துசெல்லும் இழை) மட்டுமே நுழையும். ஆகவே ஒரே கணத்தில் 10 பேர் ஆசனம் பதிவு செய்தால் 10 ஒப்ஜெக்டுகள் வேண்டும். அவற்றை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி எறியாமல், பயன்படுத்தியபின் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ளும் இருப்புத்தான் பூல். வாடகைச் சைக்கிள் கடையில் எந்தச் சைக்கிளும் எந்த வாடிக்கையாளருக்கும் சொந்தமில்லாதது போல, பூலில் உள்ள எந்த ஒப்ஜெக்டும் எந்தப் பயனருக்கும் உரியதன்று. கையில் வந்ததைக் கொண்டு வேலையை முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

பூலை ஏன் வைத்தார்கள் என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லலாம். அக்காலத்து ஜாவாவில் ஒப்ஜெக்டை உருவாக்குவதும், பயனற்றதை நினைவகத்திலிருந்து அகற்றுவதும் செலவு மிகுந்த வேலைகளாக இருந்தன. இன்றைய ஜாவாவில் சிறிய ஒப்ஜெக்ட் ஒன்றை உருவாக்கும் செலவு கணக்கில் எடுக்கத் தேவையற்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. பீன் உருவானவுடன் பெரிய கோப்பொன்றை வாசிக்க வேண்டும், தொலைவிலுள்ள இன்னொரு சேவையுடன் தொடர்பு ஏற்படுத்த வேண்டும் என்பன போன்ற தொடக்க வேலைகள் இருந்தால் மட்டுமே அந்த முதற்காரணம் இன்னும் செல்லுபடியாகும். இரண்டாவது காரணமோ இன்றும் அப்படியே இருக்கிறது. பூலுக்கு ஒரு மேலெல்லை வைத்தால், அந்தப் பீன் செய்யும் வேலையை ஒரே நேரத்தில் எத்தனை பேர் செய்யலாம் என்பதற்கும் அதுவே எல்லையாகிவிடுகிறது.

எல்லாப் பீன்களுக்கும் இது பொருந்தாது. ஒரு பயனரின் விபரங்களைத் தொடர்ந்து வைத்திருக்கும் "ஸ்டேட்ஃபுல்" பீனுக்குப் பூல் இல்லை. அதற்குத் தற்காலிகச் சேமிப்பின் அளவுதான் உண்டு. "சிங்கிள்டன்" பீனுக்கு இருப்பதே ஓர் ஒப்ஜெக்ட். அதில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் எழுதும் பூட்டே இயல்பாக அமைவதால், அதை அழைப்பவர்கள் அனைவரும் ஒருவர்பின் ஒருவராகவே செல்ல வேண்டியிருக்கும். பூல் அளவையெல்லாம் மாற்றிப் பார்த்தும் பயனில்லை என்று திகைப்பவர்கள், வழியில் எங்காவது ஒரு சிங்கிள்டன் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இயல்புநிலை எண்களும் அவற்றின் பொருளும்

ஒவ்வொரு சேர்வரும் தனக்கென்று இயல்புநிலை எண்களை வைத்திருக்கிறது. கிளாஸ்பிஷ் சேர்வரில் பூலில் எப்போதும் நிற்க வேண்டிய குறைந்தபட்ச ஒப்ஜெக்டுகள் 0, அதிகபட்சம் 32, ஒரு தடவையில் கூட்டும் அல்லது குறைக்கும் எண்ணிக்கை 8, சும்மா இருக்கும் ஒப்ஜெக்டை அகற்ற முன் காத்திருக்கும் நேரம் 600 செக்கன்கள். வெப்லொஜிக் சேர்வரில் தொடக்க எண்ணிக்கை 0, அதிகபட்சம் 1000. ஐபிஎம் நிறுவனத்தின் வெப்ஸ்பியரில் இவை முறையே 50, 500. இன்று வைல்ட்ஃப்ளை என்று அறியப்படும் சேர்வர், ஜேபொஸ் 7 என்ற பெயரில் இருந்த காலத்தில் 20 என்ற நிலையான எண்ணைக் கொண்டிருந்தது. பின்னர் வந்த பதிப்புகளில் ஸ்டேட்லெஸ் பீன்களுக்கான எல்லை திரெட் எண்ணிக்கையிலிருந்தும், செய்திகளைக் கையாளும் பீன்களுக்கான எல்லை சீபியூ எண்ணிக்கையிலிருந்தும் தானாகக் கணக்கிடப்படுகிறது.

20, 32, 500, 1000 என்று எண்கள் இவ்வளவு தூரம் வேறுபடுவதைப் பார்த்து எது சரி என்று கேட்பது இயல்பு. ஆனால் அவை ஒரே பொருளைத் தரும் எண்கள் அல்ல என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். வைல்ட்ஃப்ளையிலும் வெப்லொஜிக்கிலும் அதிகபட்சம் என்பது கண்டிப்பான எல்லை: 20 ஒப்ஜெக்டுகளும் வேலையில் இருந்தால், 21ஆவது கோரிக்கை ஏதாவது ஒன்று திரும்பி வரும்வரை நின்றே ஆக வேண்டும். கிளாஸ்பிஷில் ஸ்டேட்லெஸ் பீன்களுக்கான வழமையான பூல் அவ்வாறு எவரையும் தடுத்து நிறுத்துவதில்லை. 33ஆவது கோரிக்கை வந்தால் இன்னொரு ஒப்ஜெக்டை உருவாக்கிக் கொடுத்துவிடும். வேலை முடிந்தபின் அதைப் பூலுக்குள் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிடும், அவ்வளவுதான். அங்கே 32 என்பது எத்தனை ஒப்ஜெக்டுகளைச் சேமித்து வைக்கலாம் என்பதற்கான எண்ணேயன்றி, எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்பதற்கானதன்று. ஒரு சேர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் குழுக்கள் பழைய எண்ணை அப்படியே புதிய கோப்பில் எழுதிவிட்டு, முன்பு இல்லாத நெரிசல் ஏன் வந்தது என்று தேடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. சேர்வர் மட்டத்தில் 20 என்று எழுதினால், முழு அப்ளிகேஷனுக்கும் சேர்த்து 20 ஒப்ஜெக்டுகள் என்று பலர் வாசிக்கிறார்கள். அந்த எண் ஒவ்வொரு பீனுக்கும் தனித்தனியாகப் பொருந்துவது. 30 வகைப் பீன்கள் இருந்தால் மொத்தம் 600 வரை போகலாம். ஆகவே பீன் பூலை வைத்து முழுச் சேவைக்கும் கடிவாளம் போட முடியாது. அதற்கு உரிய இடம் கோரிக்கைகளை ஏற்கும் திரெட் பூல்.

இங்கே பீன் பூல் தனித்து நிற்கும் ஒன்றல்ல என்ற விடயத்துக்கு வருகிறோம். ஆசனப் பதிவுக் கோரிக்கை ஒன்று உள்ளே வந்ததும் முதலில் ஒரு திரெட் அதை ஏற்கிறது; அந்தத் திரெட் ஒரு பீன் ஒப்ஜெக்டைப் பெறுகிறது; அந்தப் பீன் தரவுத்தள இணைப்புப் பூலிலிருந்து ஓர் இணைப்பைப் பெறுகிறது; கடைசியாகத் தரவுத்தளம் தனக்குரிய இணைப்பு எல்லைக்குள் அதற்குப் பதில் தருகிறது. நான்கு வாசல்கள், நான்கு எல்லைகள். இவற்றுள் எது ஒடுக்கமானதோ அதன் முன்னால்தான் வரிசை நிற்கும். மற்ற வாசல்களை எவ்வளவு அகலப்படுத்தினாலும் வரிசை நகரும் வேகம் மாறாது. வெப்லொஜிக்கின் இயல்புநிலை எண்களை அருகருகே வைத்தால் இது தெளிவாகும். பீன் பூலின் அதிகபட்சம் 1000; தரவுத்தள இணைப்புப் பூலின் அதிகபட்சம் 15. எத்தனை பீன்கள் தயாராக இருந்தாலும் தரவுத்தளத்துடன் ஒரே நேரத்தில் பேசக்கூடியவர்கள் 15 பேர்தான். 16ஆவது திரெட் தன் கையில் ஒரு பீனையும் வைத்துக்கொண்டு, இணைப்புக்காக 10 செக்கன்கள் காத்திருந்து, பிறகு பிழையுடன் திரும்பும். அந்தப் பிழையைப் பார்த்துவிட்டு 1000ஐ 2000 ஆக்குபவருக்கு எதுவும் மாறப்போவதில்லை.

எத்தனை வேண்டும் என்று கணக்கிடுதல்

அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961ஆம் ஆண்டு நிறுவிய ஒரு சிறிய விதி இதற்குப் போதும். ஓர் அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள் என்பதைக் காண, செக்கனுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் ஒவ்வொருவரும் உள்ளே எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதையும் பெருக்கினால் போதுமானது. எமது பஸ் சேவைக்கு நெருக்கடி வேளையில் செக்கனுக்கு 40 பதிவுக் கோரிக்கைகள் வருவதாகவும், ஒவ்வொன்றும் பீனுக்குள் 250 மில்லிசெக்கன்கள் செலவிடுவதாகவும் கொள்வோம். 40ஐ 0.25 ஆல் பெருக்கினால் 10. சராசரி 10 என்பதால், ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டு 20 என்று வைப்பது நியாயமான தொடக்கம். இந்தக் கணக்குக்கு வேண்டிய இரண்டு எண்களையும் ஊகிக்காமல் அளந்து பெற வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, தரவுத்தளம் ஏதோ காரணத்தால் மந்தமாகி, 250 மில்லிசெக்கன்களில் முடிந்த வேலை 2 செக்கன்கள் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே விதிப்படி இப்போது 80 ஒப்ஜெக்டுகள் வேண்டும். அவசரத்தில் 20ஐ 80 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் 20 பேரின் சுமையையே தாங்காமல் மந்தமான தரவுத்தளத்துக்குள் இப்போது 80 பேரை ஒன்றாக அனுப்புகிறோம். 2 செக்கன்கள் 2 ஆகவே நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பூட்டுகளுக்காகவும் வட்டுக்காகவும் அவர்கள் தமக்குள் போட்டியிடுவதால் அது 5, 10 என்று ஏறக்கூடும். இணைப்புப் பூலின் எல்லையையும் அதனோடு சேர்த்து உயர்த்தினால் வேறொரு சுவரில் முட்டுவோம். போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் மாற்றம் எதுவும் செய்யாவிட்டால் 100 இணைப்புகளை மட்டுமே ஏற்கும்; இரண்டு சேர்வர்கள், ஒவ்வொன்றிலும் 60 இணைப்புகள் என்றால் நெரிசல் வரும் நாளில் அந்த எல்லை கடந்துவிடும், வராத நாட்களில் எவருக்கும் தெரியவராது.

எல்லையை 20 ஆகவே விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இந்த இடத்தில்தான் எவரும் கவனிக்காத இன்னோர் எண் தன் வேலையைக் காட்டுகிறது. 20 ஒப்ஜெக்டுகள், ஒவ்வொரு வேலைக்கும் 2 செக்கன்கள் என்றால் செக்கனுக்கு 10 கோரிக்கைகள் முடிகின்றன; வருவதோ 40. செக்கனுக்கு 30 பேர் வரிசையில் சேர்கிறார்கள். சேர்வரில் மொத்தம் 200 திரெட்கள் இருந்தால், 20 வேலை செய்துகொண்டிருக்க, மிகுதி 180உம் 6 செக்கன்களில் பூலின் வாசலில் போய் நின்றுவிடும். அதன்பின் ஆசனம் பதிய வராமல் பஸ் புறப்படும் நேரத்தை மட்டும் பார்க்க வந்தவருக்கும் பக்கம் திறக்காது, ஏனெனில் அவரை ஏற்பதற்கு ஒரு திரெட்டும் மீதியில்லை. ஜேபொஸ் 7 சேர்வரில் பீனுக்காகக் காத்திருக்கும் நேரத்தின் இயல்புநிலை எல்லை 5 நிமிடங்கள். வரிசையின் கடைசியில் நிற்பவர் ஏறத்தாழ 18 செக்கன்களில் தன் முறையைப் பெற்றுவிடுவதால் அந்த 5 நிமிட எல்லை ஒருபோதும் தாண்டப்படாது. பதிவேட்டில் ஒரு பிழையும் எழுதப்படாது. பயனர்கள் வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, சேர்வரின் பதிவேடு மட்டும் சுத்தமாக இருக்கும். போதாக்குறைக்கு, பொறுமையிழந்து பக்கத்தை மீளத் திறப்பவரின் முதற்கோரிக்கையும் வரிசையிலிருந்து விலகுவதில்லை. பார்ப்பதற்கு எவருமில்லாத பதிலுக்காக அதுவும் இடம்பிடித்துக்கொண்டு நிற்கும்.

காத்திருப்பு எல்லையை 2 செக்கன்களாகக் குறைத்தால் காட்சி மாறும். லிட்டிலின் விதியையே மறுபடி போட்டுப் பார்க்கலாம்: செக்கனுக்கு 40 பேர், ஒவ்வொருவரும் கூடியது 2 செக்கன்கள் நிற்பார்கள் என்றால் வரிசையில் 80 பேருக்கு மேல் இருக்க முடியாது. வேலையில் உள்ள 20ஐயும் கூட்டினால் 100. சேர்வரின் பாதித் திரெட்கள் வேறு வேலைகளுக்கு எஞ்சுகின்றன. இடம் கிடைக்காதவருக்கு "சற்று நேரத்தில் மீண்டும் முயலவும்" என்ற பதில் அந்த 2 செக்கன்களிலேயே போகிறது. பதிவேட்டிலும் நடந்தது எழுதப்படுகிறது. பூல் அளவைப் பற்றி ஒரு மணிநேரம் விவாதிக்கும் குழுக்கள் காத்திருப்பு எல்லையை ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் இரண்டில் முக்கியமானது அதுவே.

முழுமையாக உறைந்துபோகும் நிலை

மந்தமாவதைவிட மோசமான ஒன்றும் உண்டு. ஆசனத்தைப் பதியும் பீன், தன் வேலையின் நடுவே, யார் எப்போது பதிந்தார் என்பதைக் குறித்து வைக்கும் இன்னொரு பீனை அழைக்கிறது என்போம். பதிவு தோல்வியடைந்தாலும் அந்தக் குறிப்பு நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காக இரண்டாவது பீன் தனக்கென்று, முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் கைவிடப்படும் வேலைத்தொகுதியான, புதிய ட்ரான்ஸக்‌ஷனைத் தொடங்கும். அதனால் அதற்குத் தனியாக ஓர் இணைப்பும் வேண்டும். அதாவது ஒரு கோரிக்கை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைக் கேட்கிறது. 20 திரெட்கள், இணைப்புப் பூலில் 20 இணைப்புகள் என்று அழகாகப் பொருத்தி வைத்திருந்தால், 20 திரெட்களும் ஒரே வேளையில் தத்தம் முதல் இணைப்பை எடுத்துவிடும் கணமொன்று வரும். பிறகு 20உம் இரண்டாவதைக் கேட்கும், கொடுப்பதற்கு ஒன்றுமில்லை, எவரும் முதலாவதை விடவும் மாட்டார்கள். சீபியூ ஓய்வாக இருக்கும், தரவுத்தளமும் ஓய்வாக இருக்கும், சேவை மட்டும் அசையாது நிற்கும்.

இதைத் தவிர்ப்பதற்கான குறைந்தபட்ச அளவு எளிய கணக்கு. ஒவ்வொரு திரெட்டும் ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய இணைப்புகளில் ஒன்றைக் கழித்து, அதைத் திரெட் எண்ணிக்கையால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும்: இங்கே 20 பெருக்கல் 1, கூட்டல் 1, ஆக 21. அந்த ஓர் உபரி இணைப்பு இருந்தால் யாராவது ஒருவர் தன் வேலையை முடித்து இரண்டையும் திருப்பிக் கொடுப்பார், அடுத்தவர் நகருவார். 21 என்பது உறைந்துபோகாமல் இருப்பதற்கான அளவு மட்டுமே, சிறந்த அளவு என்று கொள்ளக்கூடாது. கண்டிப்பான எல்லையுள்ள பீன் பூலிலும், ஒரு பீன் கொன்டெய்னர் ஊடாகத் தன் வகையைச் சேர்ந்த இன்னொரு ஒப்ஜெக்டை அழைத்தால் இதே சிக்கல் தோன்றும்.

இவ்வாறு நின்றுபோன சேர்வரில் என்ன நடக்கிறது என்று அறிய ஜாவா நிரலாக்கக் கருவித்தொகுப்பான ஜேடிகேயுடன் வரும் "ஜேஸ்டாக்" கட்டளை உதவும். அது எல்லாத் திரெட்களும் அக்கணத்தில் எங்கே நிற்கின்றன என்பதை எழுதித் தரும். வைல்ட்ஃப்ளையில் பீனுக்காக நிற்கும் திரெட்கள், உள்ளே செல்வோரின் எண்ணிக்கையை மட்டுப்படுத்தும் "செமபோர்" என்ற வகுப்பின் வரியில் நிற்கும். இணைப்புக்காக நிற்பவை இணைப்புப் பூலுக்குரிய வகுப்புகளின் வரிகளில் காணப்படும். இரண்டுமின்றித் தரவுத்தளத்தின் பதிலை வாசிக்கும் வரியில் பெரும்பாலானவை நின்றால் பூலில் கைவைக்கவே தேவையில்லை, தரவுத்தளத்திடம் கேட்கும் வினவலைத்தான் திருத்த வேண்டும். சில செக்கன்கள் இடைவெளியில் மூன்று நான்கு தடவை எடுத்து ஒப்பிடுவது வழக்கம்.

செய்திகளைக் கையாளும் பீன்களுக்கு வேறொரு கணக்கு. பதிவு உறுதியானதும் பயணிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வேலையை அத்தகைய பீனிடம் விட்டால், அதன் பூல் அளவு ஒரே நேரத்தில் எத்தனை செய்திகள் கையாளப்படலாம் என்பதற்கு எல்லையாகும். வைல்ட்ஃப்ளையில் பூலை 50 ஆக்கினாலும், செய்திகளைக் கொண்டுவரும் இணைப்பின் "மாக்ஸ் செஷன்" என்ற எண் இயல்பாக 15 என்பதால் 15 செய்திகள்தான் ஒன்றாக ஓடும். ஒன்றுக்கு மேற்பட்டவை ஓடும்போது செய்திகளின் ஒழுங்கு மாறலாம். பதிவு செய்த செய்திக்கு முன் இரத்துச் செய்த செய்தி போய்ச் சேரக்கூடாதென்றால், வேகத்தை இழந்தாவது இரண்டையும் 1 ஆக்குவது எளிய வழி.

எண்ணை மாற்றுமுன் பார்க்க வேண்டியவற்றைச் சேர்வரே தருகிறது. வைல்ட்ஃப்ளை ஒவ்வொரு பீனின் பூலிலும் இப்போது எத்தனை ஒப்ஜெக்டுகள் உள்ளன, இன்னும் எத்தனை கிடைக்கும் என்பவற்றைக் காட்டும். வெப்லொஜிக்கின் கண்காணிப்புப் பக்கம் காத்திருந்தவர்களின் தொகை, நேரம் கடந்து திரும்பியவர்களின் தொகை, அழிக்கப்பட்ட ஒப்ஜெக்டுகளின் தொகை ஆகியவற்றைத் தரும். கடைசியாகச் சொன்னதைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். ஸ்டேட்லெஸ் பீன் ஒன்றிலிருந்து எதிர்பாராத ரன்டைம் பிழை வெளியேறினால் கொன்டெய்னர் அந்த ஒப்ஜெக்டைப் பூலுக்குத் திருப்பாமல் எறிந்துவிடும். அழிக்கப்பட்ட தொகை விடாமல் ஏறினால், தேட வேண்டியது பிழையை.

இவ்வளவையும் பார்த்தபின் எண்ணை எங்கே எழுதுவது என்ற கேள்வி எஞ்சுகிறது. சேர்வர் மட்டத்தில் பொதுவாக எழுதலாம். பீனுக்குப் பீன் அதன் விவரணக் கோப்பில் தனியாகவும் எழுதலாம். பெரும்பாலான பீன்களுக்குப் பொதுவான எண்ணே போதும். தனியாக எழுதத் தகுதியானவை ஓரிரண்டுதான் இருக்கும். பஸ் உரிமையாளருக்கு மாத வருமான அறிக்கை தயாரிக்கும் பீனை உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு தடவை ஓடினால் அரை நிமிடம் தரவுத்தளத்தைப் பிடித்துவைக்கும் வேலை அது. கண்டிப்பான எல்லையுள்ள சேர்வரில் அதற்கு மட்டும் அதிகபட்சம் 2, காத்திருப்பு 1 செக்கன் என்று எழுதிவிட்டால், தேர்த் திருவிழா முடிந்த இரவில் மூன்றாவது கணக்காளர் அறிக்கைப் பொத்தானை அழுத்தும்போது மறுப்புக் கிடைப்பது அவருக்கு மட்டுமே. ஆசனப் பதிவுக்கு வேண்டிய இணைப்புகளில் இரண்டுக்கு மேல் அறிக்கைகளின் பக்கம் போகாது.